காலைக் குளிசை, பகல் தலையிடி

தலையிடிக்கு மருந்து தேடிப் போன ஒரு வைத்தியரின் கையில்தான் கவனக் குறைபாட்டுக்கான மருந்து அகப்பட்டது. அந்தக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் புத்தளத்துக்கு வடக்கேயுள்ள வண்ணாத்திவில்லுக்கு வர வேண்டும். இன்று அங்கே ஒரு பிள்ளை பாடசாலை விட்டு வந்து, புத்தகப் பையை மூலையில் போட்டு, "உம்மா, தலையிடிக்குது" என்று படுத்தால், அது காலையில் விழுங்கிய குளிசையின் வரலாறும் ஒரு தலையிடியிலிருந்தே தொடங்குகிறது.

1931இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் எம்மா பென்டில்டன் பிராட்லி இல்லம் திறக்கப்பட்டது. மனநலச் சிக்கலுள்ள பிள்ளைகளுக்கென்றே அந்த நாட்டில் எழுந்த முதல் வைத்தியசாலை அது. எம்மா சிறு வயதில் மூளைக் காய்ச்சல் கண்டு, மீள முடியாத பாதிப்போடு வாழ்ந்தவள். அவளுடைய பெற்றோர் தம் சொத்தை அவளைப் போன்ற பிள்ளைகளுக்கென எழுதிவைத்தார்கள். 1930களில் இல்லத்தின் மருத்துவப் பொறுப்பில் இருந்தவர் அதே குடும்பத்தைச் சேர்ந்த சார்ல்ஸ் பிராட்லி.

அப்போது சீ.டி. ஸ்கேன் கிடையாது. மண்டைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க ஒரு கொடுமையான வழிதான் இருந்தது. முதுகின் அடிப்பகுதியில் ஊசியைச் செலுத்தி, மூளையையும் முண்ணாணையும் சுற்றியிருக்கும் நீரை வெளியே இறக்குவார்கள். அந்த இடத்தில் காற்றை ஏற்றி எக்ஸ்ரே எடுப்பார்கள். வளர்ந்த ஒருவரின் உடலில் இந்த நீர் ஏறத்தாழ 150 மில்லிலீற்றர்தான் இருக்கும். மூளை அதில் மிதக்கிறது. நீர் குறைந்தால் மூளை சற்றுத் தாழும், அதைப் போர்த்தியிருக்கும் சவ்வுகளும் இரத்தக் குழாய்களும் இழுபடும். மூளைக்குச் சொந்தமாக நோவு உணர்ச்சி இல்லை. ஆனால் அந்தச் சவ்வுகளுக்கும் குழாய்களுக்கும் நிறையவே உண்டு. பிள்ளைகள் நாட்கணக்காகத் தலையைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள்.

பிராட்லிக்கு ஒரு யோசனை வந்தது. அந்த நீரை மூளைக்குள்ளேயே சில இழையங்கள் சுரக்கின்றன, அவற்றைத் தூண்டிவிட்டால் இழந்த நீர் சீக்கிரம் ஊறி, தலையிடி தீரும் என்று நினைத்தார். அந்நாளில் கைக்கெட்டிய வலுவான ஊக்கி மருந்து பென்செட்ரின், அதாவது அம்பெற்றமின். அதைக் கொடுத்துப் பார்த்தார். தலையிடி பெரிதாகத் தீரவில்லை. ஆனால் ஆசிரியர்கள் வந்து வேறொரு செய்தி சொன்னார்கள். ஓரிடத்தில் இருக்க மாட்டாத பிள்ளைகள் இருந்து படிக்கிறார்கள், கணக்குச் செய்கிறார்கள். பிள்ளைகளே அதற்குக் 'கணக்குக் குளிசை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். 1937இல் பிராட்லி எழுதிய கட்டுரையில் மருந்து பெற்ற பிள்ளைகள் 30 பேர். அவர்களில் 14 பேரின் படிப்பில் கண்கூடான மாற்றம்.

கருதுகோள் பிழை, கண்டது சரி. மருத்துவத்தில் இப்படி நடப்பது புதிதல்ல. பிராட்லியிடம் நான் மதிப்பது வேறொன்று: தான் தேடியது கிடைக்கவில்லை என்றதும் அவர் ஏட்டை மூடிவிடவில்லை. பிள்ளைகளை நாள்முழுதும் பார்த்துக்கொண்டிருந்த ஆசிரியர்களும் தாதியரும் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார், எழுதிவைத்தார்.

1944இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் லியாண்ட்ரோ பனிட்சோன் என்ற இரசாயனவியலாளர் மெத்தில்பெனிடேட் என்ற இன்னொரு ஊக்கியை உருவாக்கினார். தன் மனைவி ரீட்டாவின் பெயரால் அது ரிட்டலின் ஆயிற்று. உலகெங்கும் கவனக் குறைபாட்டுக்கு, ஏடிஎச்டி என்று கிளினிக் கொப்பிகளில் எழுதப்படும் அந்த நிலைக்கு, முதலில் எழுதப்படும் மருந்துகளில் ஒன்று இதுதான். இலங்கையிலும் ஒரு வைத்தியர் பிள்ளைக்கு ஊக்கி மருந்து எழுதினால் பெரும்பாலும் இதையே எழுதுவார். 1971ஆம் ஆண்டின் உளமருந்துகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையில் இரண்டாம் அட்டவணையில் இருப்பதால், இது கட்டுப்பாட்டிலுள்ள மருந்து. துண்டு இல்லாமல் பாமசியில் வாங்க முடியாது.

அந்த மருந்தின் பக்க விளைவுப் பட்டியலில் தலையிடி முன்வரிசையில் நிற்கிறது. கோக்ரேன் அமைப்பு 2018இல் 260 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, மெத்தில்பெனிடேட் எடுத்த பிள்ளைகளிலும் இளையோரிலும் நூற்றுக்கு 14 பேர் அளவில் தலையிடியைச் சொல்லியிருந்தார்கள். பசியின்மை 31, தூக்கச் சிக்கல் 18 அளவு. இந்த மூன்றையும் தனித்தனியாகப் பார்க்கக் கூடாது. பசியின்மையும் தூக்கக் குறைவும் தாமே தலையிடியைக் கொண்டுவரும்.

இன்னொரு கணக்கும் உண்டு. அதைப் பெற்றோர் யாரும் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை, கேள்விப்பட வேண்டும். நாள்முழுதும் வேலை செய்யும் ஒரு மெத்தில்பெனிடேட் குளிசை 2000இல் அமெரிக்காவில் அனுமதி பெறுவதற்கு முன், அதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பரிசோதித்தார்கள். மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 14 பேருக்குத் தலையிடி வந்தது. மருந்தே இல்லாத வெற்றுக் குளிசை பெற்றவர்களில் நூற்றுக்கு 10 பேருக்கும் வந்தது. அதாவது குளிசை தொடங்கிய பின் தலையிடி என்று சொன்ன பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குக் குளிசை இல்லாவிட்டாலும் தலையிடி வந்திருக்கும். பள்ளிப் பருவத்தில் தலையிடி அவ்வளவு சாதாரணம். ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள் சில ஆண்டுகளுக்கு முன் உலக ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது இன்னொன்றும் தெரியவந்தது: ஏடிஎச்டி உள்ளவர்களுக்கு, மருந்து எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், தலையிடி மற்றவர்களைவிடக் கூடுதலாகவே வருகிறது. மருந்தும் தன் பங்குக்குக் கொஞ்சம் கூட்டுகிறது.

இதைச் சொல்வது பிள்ளையின் நோவைத் தட்டிக்கழிக்க அல்ல. நோவு நோவுதான். ஆனால் "குளிசை போட்டா தலையிடிக்குது, அதனால நிப்பாட்டிட்டோம்" என்று சொல்வதற்கு முன், எந்தத் தலையிடி என்று கேட்கத்தான் வேண்டும். அதற்கு நம்மிடம் இருக்கும் நல்ல கருவி மணிக்கூடு. குளிசை எத்தனை மணிக்கு, நோவு எத்தனை மணிக்கு என்று தெரிந்தால் பாதி விடை வந்துவிடும்.

மூளையின் நரம்புக் கலங்கள் டோபமினையும் நோரட்ரீனலினையும் வெளியே விட்டு ஒன்றோடொன்று பேசுகின்றன. பேசி முடிந்ததும் அவற்றைத் திரும்ப உறிஞ்சி எடுக்கும் புரதங்கள் கலங்களின் வெளிச்சுவரில் உள்ளன. மெத்தில்பெனிடேட் அந்த உறிஞ்சும் வழியில் போய்க் குந்திக்கொள்கிறது. புத்தளத்து உப்பளத்தில் பாத்தியின் மடையை அடைத்தால் நீர் வெளியே போகாமல் மட்டம் உயருமே, அதேதான். புதிதாக எதையும் இது ஊற்றுவதில்லை, போவதைத் தடுக்கிறது. கவனத்தையும் தன்னடக்கத்தையும் ஆளும் முன்மூளையில் மட்டம் உயர்வதால் பிள்ளைக்கு இருந்து கேட்க முடிகிறது.

ஆனால் நோரட்ரீனலின் மூளையோடு நிற்பதில்லை. அது இதயத்தையும் இரத்தக் குழாய்களையும் தொடும். இந்த மருந்தால் இரத்த அழுத்தம் சராசரியாக 2 முதல் 4 மில்லிமீற்றர் வரையும், இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 3 முதல் 6 வரையும் கூடலாம் என்று மருந்தின் தகவல் ஏட்டிலேயே இருக்கிறது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது உணரவே முடியாத மாற்றம். சிலருக்கு மட்டும் கூடுதலாக ஏறும். கழுத்துத் தசைகளும் தாடையும் இறுகும் பிள்ளைகள் உண்டு, பல்லைக் கடித்துக்கொண்டே இருப்பார்கள், நோவு நெற்றிப்பொட்டில் நிற்கும். குளிசை விழுங்கி ஒன்றிரண்டு மணித்தியாலத்தில், இரத்தத்தில் மருந்து உச்சத்தில் நிற்கும் வேளையில் வருகின்ற தலையிடி இந்த வகையாக இருக்கலாம். மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களிலும், அளவைக் கூட்டிய பிறகும் இதைக் கூடுதலாகக் காணலாம். உடல் பழகும்போது அநேகமாகத் தணிந்துவிடும். தணியாவிட்டால் அளவு அதிகம் என்று பொருளாக இருக்கலாம். அதை வைத்தியர்தான் சொல்ல வேண்டும்.

சாதாரண மெத்தில்பெனிடேட் குளிசையின் ஆட்சி நான்கு மணித்தியாலம் அளவுதான். இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய இரண்டரை மணித்தியாலம் போதும். காலை 6.45க்கு விழுங்கினால் முற்பகல் 11 மணியளவில் மடை திறந்துவிடுகிறது. மட்டம் சட்டென்று இறங்குகிறது. அந்த வேளையில் சில பிள்ளைகள் எரிந்து விழுவார்கள், அழுவார்கள், முன்னையிலும் கூடக் குழப்படி செய்வார்கள், தலையிடி என்பார்கள். மருந்து ஏறியதால் வந்த நோவு அல்ல, இறங்கியதால் வந்தது. இந்த இரண்டுக்கும் தீர்வு நேர் எதிர். முதலாவதற்கு அளவைக் குறைக்கலாம். இரண்டாவதற்கு இடையில் சிறிய அளவு இன்னொன்றோ, மெல்ல இறங்கும் நீண்ட நேரக் குளிசையோ தேவைப்படலாம். வெறுமனே "தலையிடிக்குது" என்று மட்டும் சொன்னால் எந்த வைத்தியராலும் இரண்டையும் பிரித்தறிய முடியாது.

இனி வண்ணாத்திவில்லுக்கு வருவோம். புத்தளத்திலிருந்து வடக்கே எலுவன்குளம் நோக்கிப் போகும் வீதியில், வில்பத்துக் காட்டுக்கு முன்னால் விரியும் வரண்ட நிலம் இது. மேற்கே களப்பு, நடுவில் கஜுத் தோட்டங்கள், அறுவைக்காட்டில் சீமெந்துக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டும் குழிகள். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்வதுதான் பெரிய மழை. அதன் பிறகு நீண்ட வெயில், சோளகம் பிறந்தால் உடம்பின் ஈரத்தை உறிஞ்சும் காற்று. இந்த நிலத்தில் மூன்றாவது வகைத் தலையிடி ஒன்று இருக்கிறது. மருந்து நேராகச் செய்யாதது, ஆனால் மருந்து வழி திறந்துவிடுவது. எனக்கு இதுதான் மற்ற இரண்டையும்விடக் கவலை தருகிறது. காரணம், பெரும்பாலும் வீட்டிலேயே தீர்த்துவிடக்கூடியது இது.

ஒரு பாடசாலை நாளை எடுத்துக்கொள்ளுங்கள். 7.30க்கு மணி அடிக்கும் என்றால் பிள்ளை ஆறு மணிக்கு எழும்ப வேண்டும். எழும்பியதும் குளிசை, மேலே ஒரு வாய் பிளேன்டீ, பாண் துண்டு பாதி. அரை மணித்தியாலத்தில் மருந்து வேலை செய்யத் தொடங்குகிறது, பசி அடங்கிப் போகிறது. 10.30 இடைவேளையில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடுகிறது. தண்ணீர்ப் போத்தலும் அப்படியே. பிறகு விளையாட்டுத் திடல், வெயில், வியர்வை. 1.30க்குப் பாடசாலை விட்டு, சைக்கிளிலோ நடந்தோ சூடான வீதியில் வீடு. காலையிலிருந்து உள்ளே போனது அரைத் துண்டு பாணும் ஒரு வாய்த் தேத்தண்ணீரும். மருந்தே எடுக்காத பிள்ளைக்கும் இப்படி ஒரு நாள் தலையிடியைத் தரும்.

உடலில் நீர் குறைந்தால் தலை இடிக்கும். ஒருவேளைச் சாப்பாட்டைத் தவறவிட்டாலும் இடிக்கும், ஒற்றைத் தலையிடி உள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இன்னும் எளிதில். இரண்டும் சேர்ந்து முற்பகல் 11 மணியளவில் வந்து நிற்கும்போது, மருந்து இறங்கும் நேரமும் அதுவே என்பதால், பழி முழுவதும் குளிசையின் தலையில் விழுகிறது.

நீரைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்துக் கிணற்று நீர் சுண்ணாம்புப் பாறையின் ஊடாக ஊறி வருவது. கேத்தலின் அடியில் சில வாரங்களிலேயே வெள்ளைப் படை கட்டிவிடும், விரல் நகத்தால் சுரண்டினால் பொருக்காக உதிரும். களப்புக்குக் கிட்டிய கிணறுகளில் உவர்ப்பும் இருக்கும். அந்த நீர் பிள்ளைகளுக்குப் பிடிக்காமல் போவதில் வியப்பில்லை. மருந்து சிலருக்கு வாயையும் உலர்த்தும். தாகத்தைத் தண்ணீரால் அல்ல, தேத்தண்ணீரால் தீர்க்கும் பழக்கம் நம் ஊர்களில் சின்ன வயதிலேயே தொடங்கிவிடுகிறது. தேயிலையிலுள்ள கஃபீனும் ஓர் ஊக்கி மருந்துதான். ஊக்கிக் குளிசையோடு சேர்ந்தால் படபடப்பையும் தூக்கக் கேட்டையும் அது கூட்டும். நாள்தோறும் மூன்று நான்கு கோப்பை குடித்துப் பழகிய உடம்பு, ஒரு நாள் அது கிடைக்காவிட்டால் 12 முதல் 24 மணித்தியாலத்துக்குள் தலையிடியாகவே பதில் சொல்லும். குளிசை தொடங்கியதும் வைத்தியர் சொன்னார் என்று தேத்தண்ணீரை ஒரே நாளில் நிறுத்தினால், அந்த வாரத்துத் தலையிடிக்கும் குளிசையே பழி சுமக்கும். படிப்படியாகக் குறைப்பதே நல்லது.

ஆகவே குளிசைக்கு முன்னால் சாப்பாடு. இதை எத்தனை தரம் சொன்னாலும் தகும். மருந்து வேலை செய்யத் தொடங்கிய பிறகு ஊட்ட முயல்வது தாய்க்கும் பிள்ளைக்கும் போராட்டம், ஆனால் அதற்கு முன் பிள்ளைக்கு வழக்கமான பசி இருக்கும். ஒரு முட்டை, இடியப்பமும் பருப்பும், இல்லையென்றால் நேற்றைய சோற்றைத் தயிர்விட்டுப் பிசைந்து கொடுத்தாலும் போதும். மெத்தில்பெனிடேட்டைச் சாப்பாட்டோடு கொடுக்கலாம். போத்தல் தண்ணீரை இடைவேளைக்குள் குடித்து முடிக்கும்படி வகுப்பாசிரியரிடம் ஒரு சொல் சொல்லி வைக்கலாம். மாலையில் மருந்து இறங்கியதும் பசி திரும்பும். அந்த நேரத்துப் பசியை மதித்து, இரவு எட்டு மணிக்குப் பிள்ளை இரண்டாம் தடவை சோறு கேட்டாலும் கொடுங்கள்.

இதைவிட்டு நாம் வழக்கமாகச் செய்வது என்ன? பனடோல். பரசிட்டமோல் நல்ல மருந்து, நிறைக்கு ஏற்ற அளவில் எப்போதாவது கொடுப்பதில் பிழையில்லை. ஆனால் பாடசாலை நாள் ஒவ்வொன்றும் பகலில் ஒரு பனடோல் என்றால் மாதத்துக்கு இருபது நாள் ஆகிவிடும். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கு மேல் பரசிட்டமோல் எடுத்தால், அந்த மருந்தே தலையிடியை உண்டாக்கும் நிலை வரலாம் என்பது தலையிடி மருத்துவத்தில் உறுதியாகத் தெரிந்த விடயம். அப்போது பிள்ளைக்கு இரண்டு மருந்து, மூன்று காரணம், ஒரே நோவு. சிக்கலை அவிழ்க்க மாதங்கள் பிடிக்கும்.

நீண்ட நேரக் குளிசைகளில் ஒரு வகையைக் கிட்ட வைத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவு அழகான பொறியியல் அது. கடினமான ஓட்டின் ஒரு முனையில் லேசரால் இட்ட நுண்துளை. வெளிப்பூச்சில் மருந்தின் ஐந்திலொரு பங்குக்குச் சற்று மேல், அது உடனே கரையும். எஞ்சியது உள்ளே. குடலின் நீர் ஓட்டின் வழியே மெல்ல ஊடுருவி, உள்ளேயிருக்கும் ஓர் அடுக்கை ஊதச் செய்கிறது. அது மருந்தைத் துளை வழியே கொஞ்சங் கொஞ்சமாகத் தள்ளுகிறது. வேலை முடிந்து வெறும் ஓடு மலத்தோடு வெளியேறும். அதைக் கண்டு "குளிசை கரையவே இல்லை" என்று பயப்படும் பெற்றோர் உண்டு, பயம் வேண்டாம். ஆனால் விழுங்கக் கஷ்டப்படுகிறான் என்று அதை உடைத்தோ பொடித்தோ கொடுத்தால் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கான மருந்து ஒரே தரத்தில் இரத்தத்தில் இறங்கிவிடும். நெஞ்சுப் படபடப்பும் தலையிடியும் அப்போது வராமல் இருந்தால்தான் அதிசயம். விழுங்க முடியாத பிள்ளைக்கு வேறு வடிவங்கள் உண்டு, கிளினிக்கில் கேளுங்கள்.

கிளினிக் என்பது வண்ணாத்திவில்லுப் பெற்றோருக்குப் பக்கத்து வீதியில் இல்லை. புத்தளத்துக்குப் போக வேண்டும், சிலருக்குச் சிலாபம், இன்னும் சிலருக்குக் கொழும்பு லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை. புத்தளத்திலிருந்தே கொழும்பு 130 கிலோமீற்றர் அளவு. விடியுமுன் பஸ் ஏறி, ஒரு நாள் கூலியை இழந்து, வரிசையில் காத்திருந்து, வைத்தியரின் முன் உட்காரக் கிடைப்பது சில நிமிடம். அந்தச் சில நிமிடத்தில் "தலையிடி எப்போ வருது?" என்ற கேள்விக்கு "அடிக்கடி வருது டொக்டர்" என்று சொல்லித் திரும்பினால், போன செலவு வீண். அதனால்தான் ஒரு கொப்பியைக் கையோடு கொண்டுபோகச் சொல்கிறேன். வழுவழுப்பான தாளும் அச்சிட்ட படிவமும் வேண்டாம், பழைய பயிற்சிக் கொப்பியின் பின்பக்கம் போதும். ஒரு நாளின் வரி இப்படி இருக்கலாம்:

"செவ்வாய். இரவு 11க்குத்தான் தூங்கினான். காலை 6.30 சாப்பாடு: பாண் 1 துண்டு. 6.45 குளிசை. சாப்பாட்டுப் பெட்டி திறக்கவில்லை. தண்ணீர் அரைப் போத்தல். 11.30 தலையிடி, நெற்றியில், வாந்தி இல்லை. 2 மணிக்குச் சோறு, 3 மணிக்குச் சரி. பனடோல் கொடுக்கவில்லை."

இந்த ஒரே பந்தியில் ஒரு வைத்தியருக்குத் தேவையானது எல்லாம் இருக்கிறது. சோறு சாப்பிட்டதும் நோவு தீர்ந்தது என்பது எவ்வளவு பெரிய தடயம்! இரண்டு வாரம் இப்படி எழுதினால் ஒரு கோலம் தெரியவரும். சனி, ஞாயிறிலும் எழுதுங்கள். பாடசாலை இல்லாத நாளில் அதே குளிசையோடு தலையிடி வராவிட்டால், வெயிலையும் சாப்பாட்டையும் கரும்பலகையையும்கூட நினைத்துப் பார்க்க வேண்டிவரும். கண்பார்வை மங்கலான பிள்ளை, மருந்தால் முதன்முறையாகப் பலகையை ஊன்றிப் பார்க்கத் தொடங்கியிருக்கலாம். கண்ணைச் சோதிக்காமல் விடாதீர்கள்.

கிளினிக்கில் உங்கள் பங்குக்கு ஒன்று கேட்க வேண்டும்: இரத்த அழுத்தம் பார்த்தீர்களா? பிரித்தானியாவின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டி, மருந்தின் அளவை மாற்றும்போதெல்லாமும், அதைவிட்டால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவையும் அழுத்தத்தையும் நாடித் துடிப்பையும் பார்க்கச் சொல்கிறது. கையில் சுற்றும் பட்டி பிள்ளையின் அளவாக இருக்க வேண்டும். மெலிந்த கையில் பெரியவரின் பட்டியைச் சுற்றினால் உண்மையிலும் குறைந்த அளவையே காட்டும், உயர்ந்த அழுத்தம் தப்பிப்போகும். பரபரப்பான கிளினிக்கில் இது எளிதில் நடந்துவிடும். கேட்பது மரியாதைக் குறைவல்ல, எந்த நல்ல வைத்தியரும் கோபிக்க மாட்டார்.

புத்தளத்தைப் பற்றி எழுதிவிட்டு நோன்பைப் பற்றி எழுதாமல் விட முடியாது. இந்த ஆண்டுகளில் றமழான் மழை ஓய்ந்து வெயில் ஏறும் மாதங்களில் வருகிறது. நோன்பின் முதல் நாட்களில் பெரியவர்களுக்கே தலையிடி வருவது வழக்கம். தண்ணீர் இல்லை, சாப்பாடு இல்லை, பழகிய தேத்தண்ணீரும் இல்லை. பருவம் அடையாத பிள்ளைக்கு நோன்பு கடமையல்ல. ஆனாலும் கூட்டாளிமாரைப் பார்த்து ஆசைப்படும் பிள்ளையை மறிப்பது கஷ்டம். பருவமடைந்த பிள்ளைக்கோ அது கடமை. விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழும்புவதால் தூக்கமும் குறைகிறது. இதையெல்லாம் வைத்தியரிடம் நோன்புக்கு ஒரு மாதம் முன்பே பேசிவிட வேண்டும். முஸ்லிம் பாடசாலைகளுக்கு அந்த மாதம் விடுமுறை என்பதால் சில பிள்ளைகளுக்குக் குளிசையைக் குறைக்கவோ இடைநிறுத்தவோ அவர் இடம் கொடுக்கலாம். வேறு சிலருக்கு ஸஹரோடு எடுக்கும் நீண்ட நேரக் குளிசை பொருந்தலாம். தமிழ், சிங்களப் பாடசாலைகளில் படிக்கும் முஸ்லிம் பிள்ளைகளுக்கு அந்த விடுமுறை இல்லை, அவர்கள் கதை வேறு. யாருக்கும் ஒரே விதி கிடையாது, பிள்ளையைத் தெரிந்த வைத்தியரே முடிவு சொல்ல வேண்டும். கேட்காமலே குளிசையின் நேரத்தை இரவுக்கு மாற்றுவது மட்டும் வேண்டாம், பிள்ளை விடியும்வரை விழித்துக் கிடக்கும்.

கொப்பியைப் பார்த்து வைத்தியர் எடுக்கக்கூடிய வழிகள் பல: அளவைக் குறைப்பது, இன்னும் மெதுவாகக் கூட்டுவது, நேரத்தை மாற்றுவது, நீண்ட நேரக் குளிசைக்கு மாற்றுவது. அட்டமொக்செடின் என்ற ஊக்கியல்லாத மருந்தும் உண்டு. அதற்கும் தலையிடி ஒரு பக்க விளைவு என்பதால், மருந்தை மாற்றினால் எல்லாம் தீரும் என்று எதிர்பார்த்து அவசரப்பட வேண்டாம்.

சில தலையிடிகளுக்குக் கொப்பியும் வேண்டாம், கிளினிக் நாளும் வேண்டாம். பிள்ளை இதுவரை அறியாத கடும் நோவு திடீரென்று தாக்கினால், விடியலில் தலையிடியோடு வாந்தி தொடர்ந்தால், பார்வை இரட்டையாகத் தெரிந்தால், காய்ச்சலோடு கழுத்து விறைத்தால், ஒரு பக்கக் கையோ காலோ தளர்ந்தால், நெஞ்சு நோவோ மயக்கமோ சேர்ந்து வந்தால், குளிசையா வெயிலா என்று யோசித்துக்கொண்டு நிற்காமல் கிட்டிய வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். பிள்ளை எடுக்கும் மருந்தின் பெயரையும் அளவையும், கடைசியாக எத்தனை மணிக்கு விழுங்கியது என்பதையும் அங்கே முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.